நடுங்கும் கையை நிறுத்தும் மாத்திரை

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி சுடும் வீரர் கிம் ஜாங் சு இரண்டு பதக்கங்கள் வென்றார்: 50 மீட்டர் பிஸ்டலில் வெள்ளி, 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம். போட்டிகள் முடிவதற்குள் இரண்டும் பறிக்கப்பட்டன. அவர் உடலில் அகப்பட்டது தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு அல்ல. களைப்பை விரட்டும் மருந்தும் அல்ல. ரத்தக் கொதிப்புக்கு டாக்டர்கள் எழுதித் தரும் ப்ராப்ரனலால். இதயத்தை மெதுவாக்கும் மாத்திரையால் ஒலிம்பிக் வீரருக்கு என்ன லாபம்?

கையை நீட்டிப் பாருங்கள். அசையாமல் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது நொடிக்கு 8 முதல் 12 முறை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. பலர் பார்க்கிறார்கள் என்றதும் அந்த அதிர்வு பெரிதாகிறது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. அது இதயத்தின் பீட்டா-1 ஏற்பிகளில் ஒட்டியதும் துடிப்பு ஏறுகிறது; தசைகளின் பீட்டா-2 ஏற்பிகளில் ஒட்டியதும் நடுக்கம் கூடுகிறது. தப்பி ஓட வேண்டிய உயிருக்கு இந்த ஏற்பாடு வரம். வயலினில் வில்லை மெல்ல இழுக்க வேண்டியவருக்கோ இதுவே வினை.

1960களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் மேடைகளை நினைக்கவில்லை; நெஞ்சுவலிக்காரர்களை நினைத்தார். அடைபட்ட குழாய்கள் வழியே இதயத்துக்கு அதிக ஆக்சிஜன் அனுப்பப் பலரும் வழி தேடினார்கள். இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று இவர் யோசித்தார். பூட்டில் வேறொரு சாவியைச் செருகி வைத்துவிட்டால் உரிய சாவி நுழையாது அல்லவா? இவர் உருவாக்கிய ப்ராப்ரனலால் அப்படித்தான் ஏற்பிகளில் அமர்ந்து அட்ரினலினுக்கு இடம் தர மறுக்கிறது. 1988-இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதயத்துக்காகப் பிறந்த இவ்வகை மருந்துகள், அதாவது பீட்டா தடுப்பான்கள், மேடைக்கும் வந்து சேர்ந்தன. 1977-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், தந்தி வாத்தியம் வாசிக்கும் 24 பேர் அடுத்தடுத்த இரு நாட்கள் சபையில் வாசித்தார்கள். ஒரு நாள் இதே குடும்பத்து மருந்தான ஆக்ஸ்ப்ரனலால், ஒரு நாள் போலி மாத்திரை; எது எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது. மருந்து எடுத்த நாளில் பதற்றம் குறைந்தது, வாசிப்பும் மேம்பட்டது. அதிகம் பதறியவர்களே அதிகம் பயனடைந்தார்கள். 1986-இல் 33 பிஸ்டல் வீரர்களுக்கு அதே குடும்பத்து மெட்டோப்ரலாலைக் கொடுத்துப் பார்த்தபோதோ, மிகத் தேர்ந்தவர்களிடமே முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. கை நடுக்கம் அடங்கியதே அதற்குக் காரணம் என்றனர் ஆய்வாளர்கள்.

எனக்குப் பெரும் வியப்பு இதில்தான். மது போல இந்த மாத்திரை புத்தியை மங்கவைப்பதில்லை. காபி போல விழிக்கவைப்பதும் இல்லை. மூளைக்குள் அதிகம் புகாத பீட்டா தடுப்பான்களும் இதே வேலையைச் செய்கின்றன. நெஞ்சு படபடப்பதை மனம் கவனிக்கிறது. கவனித்ததும் பயம் பெருகுகிறது. பயம் இன்னும் அட்ரினலினைச் சுரக்கவைக்கிறது. இந்தச் சுழலை மாத்திரை உடலின் பக்கத்தில் அறுக்கிறது. புதிதாக ஒரு சுரத்தைக்கூட அது கற்றுத் தருவதில்லை. பல வருட சாதகத்தில் கை கற்றதை வெளியே வரவிடுகிறது, அவ்வளவே.

அப்படியானால் விளையாட்டில் மட்டும் ஏன் தடை? துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் அசையாமல் நிற்பதே போட்டி. நடுக்கத்தை வெல்வது அங்கே திறமையின் ஒரு பகுதி; அதை மாத்திரையிடம் ஒப்படைத்தால் போட்டி பொருளிழந்துவிடும். இசைக் கச்சேரி யார் குறைவாக நடுங்குகிறார் என்று அளக்கும் இடம் அல்ல. அங்கே இதற்குத் தடை இல்லாதது நியாயமே.

ஆனால் நண்பர் கொடுத்தார் என்று இதை விழுங்குவது பேராபத்து. மூச்சுக்குழாய்களிலும் பீட்டா-2 ஏற்பிகள் உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ராப்ரனலால் மூச்சையே அடைத்துவிடலாம். சர்க்கரை நோயாளிக்கு, சர்க்கரை இறங்குவதை உணர்த்தும் படபடப்பை மறைத்துவிடும். டாக்டர் பரிசோதித்துச் சொல்லாமல் தொடவே கூடாது.

மாத்திரை தேவைப்படாதவர்களுக்கும் இந்த ஆராய்ச்சி ஒன்றைச் சொல்கிறது. மேடையிலும் தேர்வு அறையிலும் கை நடுங்கினால் நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நடுக்கம் அட்ரினலினின் வேலை. அறிவின் அளவுகோல் அல்ல.