கையடக்க ஒலிக்கருவி இணைப்புகள்

கையடக்க ஒலிக்கருவி இணைப்புகள் என்பன நகர்பேசி, எம்பி3 இயக்கி போன்ற கருவிகளில் இருந்து ஒலிக்குறிகையை ஹெட்போன், ஒலிபெருக்கி, வாகன ஒலியமைப்பு ஆகியவற்றுக்குக் கொண்டுசெல்லும் கம்பிகளும் செருகிகளும் ஆகும். இவற்றைத் தெரிவு செய்வதில் கம்பியின் விலையை விட இணைப்பின் வகையே முதன்மையானது.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களில் பயன்பட்ட 6.35 மி.மீ செருகியே இன்றைய செருகிகளின் முன்னோடி ஆகும். அதன் சிறிய வடிவமான 3.5 மி.மீ செருகி டிரான்சிஸ்டர் வானொலிகளில் இடம்பெற்றது. 1979 இல் வெளிவந்த சோனி வாக்மேன் அதன் ஸ்டீரியோ வடிவத்தைப் பரவலாக்கியது. 2016 இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7 இல் இத்துளையை நீக்கியது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் அவ்வாறே செய்தன.

செருகியின் அமைப்பு

மூன்று தொடுபகுதிகள் கொண்ட செருகியில் முனை இடப்பக்க ஒலியையும், வளையம் வலப்பக்க ஒலியையும் கொண்டுசெல்கின்றன. அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான புவியிணைப்பு ஆகும். ஒலிவாங்கியும் உள்ள ஹெட்போன்களில் நான்கு தொடுபகுதிகள் உண்டு. இவற்றில் இரு முறைகள் உள்ளன. சி.டி.ஐ.ஏ முறையில் இரண்டாம் வளையம் புவியிணைப்பு, அடிப்பகுதி ஒலிவாங்கி. பழைய நகர்பேசிகள் பலவற்றில் இருந்த ஓ.எம்.டி.பி முறையில் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கும்.

முறை பொருந்தாவிடில் புவியிணைப்பு சரிவர அமையாது. அப்போது இடம், வலம் இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே கேட்கும். இரு பக்கமும் சமமாகப் பதியப்பட்ட பாடகரின் குரல் மறைந்து, பின்னணி இசை மட்டும் எஞ்சும். செருகி முழுமையாக உட்செல்லாத போதும் இவ்வாறு நிகழலாம். எனவே இக்குறை தோன்றினால் ஹெட்போன் பழுது என முடிவு செய்யும் முன் இணைப்பைச் சோதித்தல் வேண்டும்.

வெளியீட்டு வகைகள்

ஹெட்போன் வெளியீட்டில் கருவியின் உள்ளே உள்ள பெருக்கியும் ஒலியளவுக் கட்டுப்பாடும் அடங்கும். வரி வெளியீடு பெரும்பாலும் மாறாத அளவுள்ள குறிகையைத் தரும். வெளிப்பெருக்கியுடன் இணைக்க வரி வெளியீடே ஏற்றது. அது இல்லாத கருவியில் ஒலியளவைப் பெரும அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, வெளிப்பெருக்கியில் தேவையான அளவை அமைத்துக்கொள்ளலாம். ஒலியளவை மிகக் குறைவாக வைத்தால் வெளிப்பெருக்கியில் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

யு.எஸ்.பி-சி மாற்றிகள்

யு.எஸ்.பி-சி துளையில் இருந்து 3.5 மி.மீ செருகிக்கு மாற்றும் இணைப்பிகள் இரு வகைப்படும். ஒரு வகையில் எண்ணிமக் குறிகையை ஒப்புமைக் குறிகையாக மாற்றும் சில்லு உள்ளது. மற்றதில் கம்பி இணைப்பு மட்டுமே உண்டு. பிந்தையது, யு.எஸ்.பி-சி துளை வழியே ஒப்புமை ஒலியை வெளியிடும் நகர்பேசிகளில் மட்டுமே இயங்கும். தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருப்பதால், சில்லு உள்ளதா என்பதை அறிந்து வாங்குவது நல்லது.

கம்பியின் தரம்

ஓரிரு மீட்டர் நீளமுள்ள கம்பியில், உலோகத்தின் தூய்மையால் கேட்கத்தக்க வேறுபாடு ஏற்படுவதில்லை. பொன்முலாம் துருவைத் தடுப்பதற்கே பயன்படுகிறது. செம்பும் வெள்ளியும் பொன்னை விடச் சிறந்த மின்கடத்திகள் ஆகும். கம்பிகள் பெரும்பாலும் செருகியை ஒட்டிய வளைவிலேயே அறுகின்றன. ஆகவே அவ்விடத்தில் நெகிழ்வான காப்புறை உள்ளதையும், கருவியின் உறை தடுக்காதவாறு மெலிந்த தலைப்பகுதி கொண்டதையும் தெரிவு செய்தல் பயன்தரும்.