வீட்டாரின் சம்மதம்

அங்கத்தினரைக் கேளாமல் சங்கத்தின் துணைவிதியைத் திருத்தலாகாது என்று ஊர்தோறும் சொல்லி வருபவன் நான். அம்பத்தூரில் என் சொந்த வீட்டில் அந்த நெறியை நானே மீறினேன்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நின்றன. எங்கள் பழைய கணிப்பொறியோ விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியுடையதன்று. புதியது வாங்கும் செலவுக்கு அஞ்சி, ஒரே இரவில் அதில் லினக்ஸை நிறுவினேன். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்க, பல நாட்டாரும் கூடி வளர்த்துவரும் ஏற்பாடு அது. விலையின்றிப் பெறலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

மறுநாட் காலை, நெசவாளர் சங்கமொன்றுக்குக் கணக்கெழுதும் என் தந்தையார் தம் கோப்புகளைத் திறந்தார். பழைய எழுத்துரு இல்லாமையால் தமிழெல்லாம் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சென்று பேரேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். குறை லினக்ஸினுடையதன்று, என்னுடையதே.

நல்ல வழி நம் நாட்டிலேயே இருந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸும் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. எடுத்துவைத்திருந்த பிரதியைக் கொண்டு பழையதை மீட்டு, லினக்ஸை அதன் அருகே அமைத்தேன்.

ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து அன்பர்களும் இவ்வாறே செய்யலாம். முதலில், இரண்டிலும் இயங்கும் பயர்பாக்ஸையும் லிப்ரே ஆபீஸையும் பழைய விண்டோஸிலேயே பழக்குக. பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுக. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. அச்சுப்பொறி இயங்குகிறதா என முன்னரே சோதித்தறிக. வீட்டார் அன்றாடம் தொடும் குறிகளைப் பழைய இடத்திலேயே வைக்க. கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் மட்டும் எதையும் மாற்றற்க.

சில வாரங்கள் கழிந்தபின், "இரண்டு எதற்கு? பழையதை எடுத்துவிடு" என்றார் தந்தையார். அவர் வாயால் வந்த தீர்மானம் அது, அதனால் நிலைத்தது. கூட்டுறவு வீட்டிலும் அப்படியே.