இரவில் போடும் பனிச் சாலை

பொங்கலுக்குப் பிள்ளைகள் கனடாவிலிருந்து வருவார்கள் என்று காத்திருந்த காலம் மாறி, பேரன் பேத்தியைப் பார்க்கப் பெற்றோர் விமானம் ஏறும் காலம் வந்துவிட்டது. திருச்சியில் பாலக்கரையிலும் ஸ்ரீரங்கத்திலும் அப்படிப் போய்வந்தவர்களைக் கேட்டால் நயாகராவைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். குளிர்காலத்தில் போய் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும், ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த கதையைச் சொல்வார்கள். மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிற ஊர்க்காரர்கள் வேறென்ன செய்வார்கள்? அந்த நேரத்தில்தான் மருமகன் வந்து, "மாமா, சனிக்கிழமை ஸ்னோமொபைல் ஓட்டப் போவோமா?" என்பார்.

தாராளமாகப் போகலாம். ஆனால் சனிக்கிழமையா, வேறு நாளா என்பதை அலுவலக விடுமுறையை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியது பனிதான்.

ஸ்னோமொபைல் என்பது முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்னால் அகலமான ரப்பர் பட்டையும் கொண்ட வண்டி. பட்டை பனியைப் பற்றித் தள்ளும். கட்டைகள் திசை திருப்பும். இதன் தந்தை என்று சொல்லத்தக்கவர் கியூபெக் மாகாணத்து வால்கூர் ஊரைச் சேர்ந்த மெக்கானிக் ஜோசப் அர்மான் பாம்பார்டியர். 1934 ஜனவரியில் அவருடைய இரண்டு வயது மகன் நோய்வாய்ப்பட்டான். சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை, குழந்தை இறந்தது. பனியில் ஓடும் வண்டி செய்வதில் சிறுவயது முதலே ஆர்வமாக இருந்தவருக்கு அதன்பின் அதுவே பிடிவாதமானது. 1937இல் அவருடைய பட்டை அமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் பனி வண்டிகள் அதை வைத்தே ஓடின. ஒருவர் இருவர் ஏறும் சிறிய 'ஸ்கி-டூ' வண்டி வந்தது 1959இல். கையில் கிடைத்ததும் ஜனங்கள் அதை விளையாட்டாக்கிக்கொண்டார்கள்.

"இதற்குக் கனடா வரை ஏன் போக வேண்டும், குல்மார்க்கில் இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தக் காஷ்மீர் ஊரில் பனி ஸ்கூட்டரில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வரலாம். பேரம் பேசத் தெரிந்திருந்தால் நல்லது. ஆனால் ஊர்விட்டு ஊர் போகும் பராமரிக்கப்பட்ட தடங்கள் அங்கே கிடையாது. 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் அங்கே பனியே பெய்யாமல் புல்தரை தெரிந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனிப் பற்றாக்குறையால் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலோ சுமார் 30,000 கிலோமீட்டர் தடம் இருக்கிறது. ஒன்டாரியோ ஸ்னோமொபைல் மன்றங்களின் கூட்டமைப்பில் சேர்ந்த உள்ளூர் மன்றங்கள் அதைப் பராமரிக்கின்றன. உழைப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

பராமரிப்பு என்றால் மேலே கிடக்கும் பனியைத் தள்ளிவிடுவது என்று நினைத்துவிடக் கூடாது. இது சாலை போடும் வேலை, அதுவும் திரும்பத் திரும்பப் போடும் வேலை.

புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் எடுத்து நிறுத்தால் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். அதன்மேல் வண்டிகள் ஓடினால் பனி அமுங்கும், ஆனால் சமமாக அமுங்காது. எங்கோ ஒரு சின்ன மேடு இருந்தால் அதில் ஏறி இறங்கும் வண்டி துள்ளி, அடுத்த இடத்தில் ஓங்கி அழுத்தும். அங்கே ஒரு பள்ளம் விழும், அதையடுத்து இன்னொரு மேடு எழும். மண் சாலையில் லாரி ஓடி ஓடி வரிவரியாக அலை விழுகிறதே, அதுவும் இதே இயற்பியல்தான். ஒரு கூட்டம் வண்டிகள் போய் முடித்தால் தடம் முழுக்க முழங்கால் உயர மேடுகள் எழுந்து இடுப்பை ஒடித்துவிடும். அறுபதைத் தாண்டியவர்கள் கவனிக்க.

இதைச் சரிசெய்ய 'க்ரூமர்' வருகிறது. பட்டைச் சக்கரம் கொண்ட டிராக்டர் ஒன்று, பல கத்திகள் பொருத்திய நீளமான இழுவையை இழுத்துக்கொண்டு மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவில் ஊர்ந்து போகும். கத்திகள் மேடுகளை அடியோடு சீவி, கட்டிகளை உடைத்துப் பொடியாக்கி, பழைய பனியையும் புதிய பனியையும் புரட்டிக் கலக்கும். கடைசியில் உள்ள தட்டு அழுத்தி நிரவும். வேலை முடிந்த தடத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ வரை ஏறியிருக்கும்.

ஆனாலும் தடம் இன்னும் தயாராகவில்லை. நெருக்கி அடுக்கிய பொடி அது. துகளும் துகளும் ஒட்டிக்கொண்டால்தான் பலம். அந்த ஒட்டுதல் எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

பனிக்கட்டி எப்போதும் தன் உருகுநிலைக்குப் பக்கத்திலேயே வாழும் பொருள். மைனஸ் 10 டிகிரி நமக்குக் கடுங்குளிர். ஆனால் தனிச்சுழியிலிருந்து அளக்கும் கெல்வின் கணக்கில் அது, பனி உருகும் வெப்பநிலையில் 96 சதவீதம். இரும்புக்கு அதே நிலை வேண்டுமானால் சுமார் 1,470 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க வேண்டும். கொல்லன் உலையில் பழுத்த இரும்பு எப்படி அடித்தால் ஒட்டுமோ, அதைவிட இளகிய நிலையில் அந்தப் பனித்துகள் இருக்கிறது. அதன் மேற்பரப்பு மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. துகளின் புடைத்த பகுதியிலிருந்து ஆவியாகக் கிளம்பி, இரு துகள்கள் தொடும் இடுக்கில் போய்ப் படிகின்றன. தொட்ட புள்ளி மெல்லத் தடித்துக் கழுத்துப் போலாகும். உருகாமலேயே நடக்கும் இந்த ஒட்டலுக்கு ஆங்கிலத்தில் சின்ட்டரிங் என்று பெயர். இரண்டு பனிக்கட்டிகளைத் தொட வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பற்றி மைக்கேல் ஃபாரடே 1850இலேயே லண்டனில் உரையாற்றியிருக்கிறார்.

இந்தக் கழுத்துகள் தடிக்கச் சில மணி நேரம் வேண்டும். தளம் போட்ட அன்றே மாடியில் நடக்கக் கொத்தனார் விடுவாரா? அதே கணக்கு. க்ரூமர் போன பத்தாவது நிமிடம் நான்கு வண்டிகள் பறந்தால் செய்த வேலை அத்தனையும் வீண். அதனால்தான் பெரும்பாலான மன்றங்கள் இரவில் வேலை செய்கின்றன. வண்டி நடமாட்டம் குறைவு, வெயில் இல்லை, வெப்பநிலையும் இறங்கும். பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் பனி சேறாகும். மிகக் கடுங்குளிராக இருந்தால் மூலக்கூறுகள் மந்தமாகி ஒட்டுவதற்கு நேரம் கூடும். நடுவிலுள்ள குளிர்தான் தோது.

மருமகனின் சனிக்கிழமைக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். வாரக் கடைசிப் பிற்பகலில் தடம் மிக மோசமாக இருக்கும். அதிலும் வெயில் அடித்து இளகியிருந்தால் கேட்கவே வேண்டாம். செவ்வாய், புதன் காலையில், முந்தைய இரவு நன்றாகக் குளிர்ந்திருந்தால், அதே தடம் கண்ணாடி போல விரிந்து கிடக்கும். ஒருநாள் லீவு போடச் சொல்லுங்கள்.

எந்த ஊருக்குப் போவது? டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதி வீட்டு ஜன்னல் வழியே பனியைப் பார்த்து முடிவு செய்பவர்கள் ஏமாறுவார்கள். நகரத்தில் பனி விழுந்து இளகி, மறுபடி விழுந்து சகதியாகும். வடக்கே இரண்டு மூன்று மணி நேரம் போனால் நிலைமை வேறு. வடமேற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று, இன்னும் உறையாத ஹியூரான் ஏரியையும் ஜார்ஜியன் விரிகுடாவையும் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறியதும் கொட்டிவிடுகிறது. வங்காள விரிகுடாவைத் தாண்டி வரும் வடகிழக்குப் பருவக்காற்று நம் கடற்கரையை நனைப்பதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி. அந்தப் பனிப் பட்டையில்தான் பேரி, மஸ்கோகா, பாரி சவுண்ட் போன்ற இடங்கள் வருகின்றன. இன்னும் வடக்கே காக்ரன், டிம்மின்ஸ் வரை போனால் குளிர் நிலையானது, பருவமும் நீளம். ஆனால் அது ஒருநாள் பயணமல்ல.

காலம் என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை என்பது என் சிபாரிசு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆசைப்பட வேண்டாம். அப்போது தடங்கள் கடக்கும் சதுப்பு நிலங்கள் உறைந்திருக்காது. புதிய பனி நல்ல போர்வை; அதன் கீழே மண் கதகதப்பாகவே இருக்கும். மன்றத்தார் பருவத் தொடக்கத்தில் பனியை மிதித்து அமுக்குவதே அந்தப் போர்வையைக் கெடுத்துக் குளிரை மண்ணுக்குள் இறக்கத்தான். 2023–24 கனடாவின் பதிவுகளிலேயே மிக வெப்பமான குளிர்காலம். அந்த ஆண்டு ஒன்டாரியோவின் தென்பகுதியில் பல தடங்கள் திறக்கவே இல்லை. திறந்தவையும் சீக்கிரம் மூடப்பட்டன. முன்பணம் கட்டும்போது தேதி மாற்ற இடம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில தடங்கள் உறைந்த ஏரிகளின் குறுக்கே போகும். ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 25 சென்டிமீட்டர் பனிக்கட்டி வேண்டும் என்கிறது கனடா செஞ்சிலுவைச் சங்கம். பனிக்கட்டி தாங்கும் எடை அதன் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் பலம் கால்வாசி. வளர்வதோ மந்தம். மேலே உள்ள கட்டியே கீழே உள்ள நீரைக் குளிரிலிருந்து காப்பதால், தடிமன் இரட்டிப்பாக நான்கு மடங்கு குளிர் தேவை. அதன்மேல் புதுப்பனி மூடிவிட்டால் இன்னும் தாமதம். ஆறு வந்து சேரும் முகத்துவாரம், பாலத்தின் அடி, குறுகலான நீர்வழி, இங்கெல்லாம் நீரோட்டம் அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். குறியிட்ட பாதையை விட்டு, "ஏரி முழுக்க உறைந்துதானே இருக்கு" என்று ஒதுங்குவது உயிரோடு விளையாடுவது. முதல்முறை போகிறவர்கள் ஏரி இல்லாத தடத்தையே தேர்ந்தெடுக்கலாம். அனுபவத்தில் ஒன்றும் குறைந்துவிடாது.

வண்டிக்கும் பனி வேண்டும், ஓடுவதற்கு மட்டுமல்ல. பெரும்பாலான நவீன வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், பட்டைக்கு மேலே உள்ள உலோகக் கூரை வழியே ஓடுகிறது. பட்டை வாரி இறைக்கும் பனித்தூள்தான் அதைத் தணிக்கிறது. தடம் வழுக்குப் பாறையாக இறுகிப்போனால் தூள் எழாது. மைனஸ் 20இல் கூட எஞ்சின் கொதிக்கும்.

செலவு, சட்டம் எல்லாம் சுருக்கமாக. கூட்டமைப்பின் தடங்களில் ஓட அனுமதிச் சீட்டு கட்டாயம்; பருவம் முழுமைக்கும் உண்டு, சில நாட்களுக்கும் உண்டு. அந்தப் பணத்தில்தான் க்ரூமர் ஓடுகிறது. வாடகைக்கு வண்டி எடுத்தால் சீட்டு, காப்பீடு, ஹெல்மெட் எதுவெல்லாம் சேர்த்தி என்று முதலிலேயே கேளுங்கள். ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். இந்திய உரிமம் செல்லுமா என்பதைப் போவதற்கு முன் அவர்களிடமே உறுதி செய்துகொள்ளவும். பயண மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள் பாலிசியில் விலக்குப் பட்டியலை வாசியுங்கள். ஒரு டேங்க் பெட்ரோல் 150 முதல் 200 கிலோமீட்டர் வரைதான் வரும், அடுத்த பங்க் எங்கே என்று பார்த்துத்தான் வழியைப் போட வேண்டும். குடித்துவிட்டு ஓட்டினால் காரில் பிடிபட்டது போலவே வழக்கு. கார் உரிமமும் போகும்.

தடத்தில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். காற்றே இல்லாத மைனஸ் 15 டிகிரி நாளில் அந்த வேகத்தில் போனால் முகத்துக்கு மைனஸ் 29 போல உறைக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன மங்கி கேப் அங்கே எடுபடாது. உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, வெளியே காற்றுப் புகாத உடை. பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பை விறைக்க வைத்துவிடும்.

கிளம்பும் நாள் காலையில் கூட்டமைப்பின் இணைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பச்சை என்றால் தடம் திறந்திருக்கிறது. மஞ்சள் என்றால் ஓரளவே தயார், நிதானமாகப் போக வேண்டும். சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்" என்று சிவப்புத் தடத்தில் இறங்கிவிடாதீர்கள். தடங்களில் கணிசமானவை தனியார் நிலத்தின் வழியே, உரிமையாளரின் நல்லெண்ணத்தால் மட்டும் போகின்றன. மூடிய தடத்தில் நுழைவது சட்டப்படி அத்துமீறல். மனம் வெறுத்து ஒரு விவசாயி அனுமதியைத் திரும்பப் பெற்றால், அந்த இடத்தில் தடம் எல்லோருக்கும் அறுந்துபோகும்.