வேலை தேடுபவருக்கு நூலகம் என்ன தரும்?

மாவட்ட மைய நூலகம் காலையில் திறக்கும் நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் நிற்பவர்களில் பாதிப் பேர் கையில் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் இருக்கும். குரூப் 4, குரூப் 2, காவலர் தேர்வு, வங்கித் தேர்வு என்று ஏதோ ஒன்றுக்குப் படிக்கிறவர்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் மாலை வரை எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டில் தனி அறை இல்லாத பிள்ளைக்கு, டிவி சத்தமும் விருந்தாளி வரவும் இல்லாத ஓரிடம் கிடைப்பதே பெரிய உதவி. பெண் பிள்ளையை வெளியூர் கோச்சிங்குக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்கூட நூலகம் என்றால் சரி என்கிறார்கள்.

ஆனால் இவர்களில் பலர் நூலகத்திடம் கேட்பது ஒரு நாற்காலியும் மின்விசிறியும்தான். அங்கே வேறு என்னென்ன கிடைக்கும் என்று நூலகரிடம் யாரும் கேட்பதில்லை, அவரும் தானாகச் சொல்வதில்லை.

முதலில் எந்த நூலகம் என்பதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம், கிளை நூலகம், மாவட்ட மைய நூலகம் என்று படிப்படியாக இருக்கின்றன. கிராமத்து நூலகத்தில் நாளிதழும் வார இதழும் கொஞ்சம் கதைப் புத்தகமும் கிடைக்கும். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கிளை நூலகத்துக்கோ மாவட்ட மைய நூலகத்துக்கோ போவதே நல்லது. சென்னைக்காரர்களுக்கு எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகமும், கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் உண்டு. மதுரை வட்டாரத்துக்கு நத்தம் சாலையில் 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். இவை தவிர, பல நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’ என்ற பெயரில் புதுக் கட்டடங்கள் வந்திருக்கின்றன. இவற்றை நடத்துவது நூலகத் துறை அல்ல, உள்ளாட்சி நிர்வாகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களை மனத்தில் வைத்தே கட்டியவை என்பதால், உங்கள் ஊரில் ஒன்று இருந்தால் அதை முதலில் எட்டிப் பாருங்கள்.

உள்ளே உட்கார்ந்து படிக்கப் பணம் கிடையாது, உறுப்பினராக இருக்கவும் தேவையில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் உறுப்பினர் அட்டை வேண்டும். அதற்குச் சிறிய காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும். போட்டித் தேர்வு நூல்களை நிறைய இடங்களில் இரவல் தர மாட்டார்கள். ஒருவர் எடுத்துப் போனால் இருபது பேருக்கு இல்லாமல் போகும் என்பதே காரணம், அது நியாயம்தான். சொந்தப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வேறிடங்களில் பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடலாம், கேட்டுக்கொண்டு போங்கள். இன்னொன்று, கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். இது தெரியாமல் வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்து என்ன படிப்பது என்பது. அலமாரியில் தடித்தடியாக நிற்கும் கைடுகளைத்தான் எல்லோரும் முதலில் உருவுகிறார்கள். நான் சொல்வது, முதலில் பள்ளிப் பாடப்புத்தகம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பத்தாம் வகுப்புத் தரத்திலான தேர்வு. கேள்விகளில் பெரும்பங்கு ஆறாம் வகுப்பிலிருந்து வரும் தமிழ், வரலாறு, அறிவியல் பாடங்களை ஒட்டியே அமையும். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழ்ப் பகுதிக்கு மட்டும் 100 கேள்வி, 150 மதிப்பெண். தமிழில் 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே பழைய ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொள்ள எம்.எஸ்சி. பட்டதாரி கூச்சப்படத் தேவையில்லை.

கைடு எடுத்தால் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். முன்பு குரூப் 4-இல் பொதுத் தமிழ் அல்லது பொது ஆங்கிலம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ் கட்டாயம். பொது ஆங்கிலப் பகுதியுடன் குரூப் 4 கைடு ஒன்று அலமாரியில் இருந்தால் அது காலாவதியான சரக்கு. நூலகங்களில் இத்தகைய சரக்கு நிறையவே உண்டு. ஆனால் இந்திய அரசியலமைப்பு, புவியியல், கணிதம் ஆகியவற்றின் அடிப்படை நூல்கள் சில ஆண்டு பழையதாக இருந்தாலும் குடிமுழுகிப் போகாது.

நாளிதழ்ப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். நடப்பு நிகழ்வுகளுக்கு யாரோ தொகுத்து விற்கும் மாத இதழை மனப்பாடம் செய்வதைவிட, தினமும் ஒரு தமிழ் நாளிதழும் முடிந்தால் ஓர் ஆங்கில நாளிதழும் படித்துக் குறிப்பு எடுப்பது நிலைக்கும். மத்திய அரசு வேலைகளுக்கு ‘எம்ப்ளாய்மென்ட் நியூஸ்’ வார இதழ் இருக்கிறது. உங்கள் நூலகத்துக்கு அது வராவிட்டால், வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கணினி இருக்கும் நூலகத்தில் செய்யக்கூடியவை வேறு. டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் விடைக்குறிப்பும் இலவசம். அவற்றை நேரம் வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கலாம். அங்கேயே நிரந்தரப் பதிவும் செய்துகொள்ளலாம். கட்டணம் 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். இந்தப் பதிவைத் தேர்வு விண்ணப்பம் என்று நினைத்துக்கொண்டு, விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ஆதார் நகலைத் திரையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது.

பலரும் கண்டுகொள்ளாத ஒன்று வாசகர் வட்டம். பெயரைக் கேட்டால் கவியரங்கமும் பொன்னாடையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி அலுவலர், தேர்வில் வென்று வேலையில் இருப்பவர் என்று சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஆட்களை அழைத்து இலவச வகுப்பும் மாதிரித் தேர்வும் நடத்துவது இந்த வட்டத்தால்தான் முடியும். பல ஊர்களில் நடத்தியும் வருகிறார்கள். உங்கள் ஊரில் வட்டம் தூங்கிக்கொண்டிருந்தால், ஒரே தேர்வுக்குப் படிக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து நூலகரிடம் போய்ப் பேசுங்கள். ஒருவர் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்று பதில் வரும். ஐந்து பேர் போனால் தேதி கேட்பார்.

நூலகத்தால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். தன்விவரக் குறிப்பைத் திருத்தித் தருவது, நேர்முகத் தேர்வுக்குப் பழக்குவது, தனியார் நிறுவனத்தோடு இணைப்பது ஆகியவற்றுக்கு நம் நூலகங்களில் ஆள் கிடையாது. அதற்குப் போக வேண்டிய இடம் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். வேலைவாய்ப்புப் பதிவு அட்டையைப் புதுப்பிக்க மட்டும் போகும் அலுவலகமாகவே அது மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடக்கிறது. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடக்கின்றன, அதற்கும் கட்டணம் இல்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு ஐடிஐயா, டிப்ளமோவா, பட்டமா என்று குழப்பம் இருந்தால் அதையும் அங்கே கேட்கலாம். காலையில் நூலகம், வாரத்தில் ஒருநாள் வேலைவாய்ப்பு மையம் என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டால், ஆயிரக்கணக்கில் கேட்கும் தனியார் பயிற்சி நிலையத்தில் சொல்லித் தருவதில் கணிசமான பங்கு காசில்லாமல் கிடைத்துவிடும். ‘பணம் கொடுத்தால் போஸ்டிங் வாங்கித் தருகிறேன்’ என்று நூலக வாசலில் நட்பாகப் பேசும் ஆளிடம் மட்டும் கவனமாக இருங்கள். அப்படி ஒரு வழி கிடையாது.

குறைகள் இருக்கின்றன. ஊர்ப்புற நூலகம் திறந்திருக்கும் நேரம், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு உதவாது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத கட்டடத்தில் ஒரு பெண் எத்தனை மணிநேரம் உட்கார்ந்து படிப்பாள்? புது நூல்கள் தேர்வு முடிந்தபின் வந்து சேர்கின்றன. இவற்றைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. இந்த நூலகங்கள் யாருடைய தர்மமும் அல்ல. 1948-இல் அன்றைய சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் வலியுறுத்தி வந்த சட்டம் அது. அதன்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்த்து வாங்குகிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே கேளுங்கள். வேண்டிய நூல்களின் பட்டியல், நேர நீட்டிப்பு, கழிப்பறை, கணினி என்று எது தேவையோ அதை ஒரு தாளில் எழுதி, படிக்க வருகிற எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். நகலை உங்கள் வார்டு உறுப்பினரிடமும் கொடுத்துவையுங்கள்.