காற்றுக்குக் கட்டும் கப்பம்

மின்சாரக் கார் நம் காலத்துப் புதுமை என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. 1899-ஆம் ஆண்டிலேயே, பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள அஷேரில், பெல்ஜியம் நாட்டவரான காமில் ஜெனாட்ஸி மின்சாரக் காரொன்றில் மணிக்கு 105 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விரைந்தார். சாலை வாகனங்களுள் 100 கிலோமீட்டரைக் கடந்தது அதுவே முதல். அதன் உடல் காற்றைக் கிழித்துச் செல்ல ஏற்றவாறு டார்பிடோவைப்போல் கூராக அமைந்திருந்தது. ஆயினும் ஓட்டுநரின் மேலுடலும் சக்கரங்களும் வெளியே நின்றமையால் அவ்வடிவத்தின் பயன் பெரிதும் குன்றிற்று.

இன்று 'ஃபார்முலா ஸ்டூடண்ட்' போட்டிகளுக்காகப் பொறியியற் கல்லூரி மாணவர்கள் கட்டும் சிறிய மின்சாரப் பந்தயக் கார்களுக்கும் அதே காற்றுதான் எதிரி. நம் நாட்டின் 'ஃபார்முலா பாரத்' போட்டிகள் கோவை காரி ஓட்டத்தளத்தில் நடைபெற்றிருக்கின்றன. பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள் எதைப் பற்றி இராப்பகலாக வாதிடுகின்றனர் என்பதைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்லும் திறனோ எட்டு மடங்கு வேண்டும். மின்கலத்திலுள்ள ஆற்றலோ அளவுக்குட்பட்டது. அதைக்கொண்டே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நெடும்பந்தயத்தை முடித்தாக வேண்டும். ஆகவே உடலை ஒடுக்கி வழவழப்பாக்கினால் போதும் என்று தோன்றும்.

ஆனால் அத்தடம் நேரான நெடுஞ்சாலையன்று, வளைவுகள் நிறைந்தது. வளைவில் வெற்றி தருவது, டயர் தரையைப் பற்றும் பிடிப்பே. பாரம் ஏற்றினால் பிடிப்பு கூடும். ஆனால் அப்பாரத்தையும் சேர்த்தன்றோ திருப்ப வேண்டும்? விமான இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தினாலோ, காற்றே வண்டியைத் தரையோடு அழுத்தும். எடை சிறிதே ஏறும். அதற்கு ஈடாகக் காற்று கேட்கும் கப்பம், கூடுதலான தடை.

இக்கப்பம் எங்கே இலாபம், எங்கே நட்டம்? வளைவு மிகுந்த, வேகம் குறைந்த தடத்தில் தடையால் இழப்பது சிறிது; வளைவுகளில் மிஞ்சும் நேரம் பெரிது. நீண்ட நேர்ப்பாதையில் கணக்குத் தலைகீழாகும். பின்னிறக்கை மட்டும் பெரிதானால் முன்சக்கரங்கள் பிடிப்பின்றி வழுக்கும். எனவே முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தாற்போல் அமையவேண்டும்.

நின்ற வண்டிக்கு இறக்கையால் பயனில்லை. அதனால் சுவிட்சர்லாந்து மாணவர்கள், காற்றை உறிஞ்சி வண்டியைத் தரையோடு பிணைக்கும் கருவியொன்றை அமைத்தனர். ஏறத்தாழ 140 கிலோ எடையுள்ள அவர்களுடைய 'மித்தன்' 2023-இல் 0.956 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலக சாதனை படைத்தது. அங்கும் கப்பம் உண்டு: உறிஞ்சும் கருவிக்கும் எடை உண்டு, மின்சாரமும் வேண்டும்.

மெய்யை அறிய எளிய சோதனையொன்றுண்டு. சமதளத்தில், காற்றடங்கிய வேளையில், குறித்த வேகத்தில் மோட்டாரை நிறுத்தி வண்டியைத் தானே ஓடவிட்டு, வேகம் தணியும் நேரத்தைக் குறிக்கலாம். இறக்கையோடும் இறக்கையின்றியும் இவ்வாறு செய்தால் கப்பத்தின் அளவு வெளிப்படும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். அழகுக்காக இறக்கை பூட்டி, கடைசிச் சுற்றில் மின்கலம் வற்றி நிற்கும் வண்டிக்கு அவ்வேகத்தால் என்ன பயன்? அளந்து செலவிடக் கற்ற மாணவனுக்கு, பரிசு கிட்டாவிடினும் அக்கல்வி வீணாகாது.