உங்களுக்குத் தெரியுமா? – வேரழுகலும் மண் புகையூட்டமும்

● கலிபோர்னியாவில் ஓக் மரங்களை வெட்டிவிட்டு ஆரஞ்சு, பீச் தோட்டம் போட்டவர்களைக் கலங்கடித்த நோய் ஆர்மில்லாரியா வேரழுகல். நன்றாகக் காய்த்த மரம் இலை வெளிறி, கொப்பு காய்ந்து பட்டுப்போகும். அடிமரத்துப் பட்டையைக் கத்தியால் பெயர்த்தால் உள்ளே விசிறி விசிறியாக வெள்ளைப் பூசணம் படர்ந்திருக்கும். காளான் வாடை வீசும். இந்தப் பூசணம் மண்ணில் விட்டுப்போன பழைய ஓக் வேர்களில் பல்லாண்டுகள் உயிரோடு கிடந்து, புது மரத்தின் வேர் வந்து தொட்டதும் தொற்றிக்கொள்ளும்.

● இதற்குக் கைகொடுத்த பழைய மருந்து கார்பன் டை சல்பைடு. பிரான்சில் திராட்சை வேரைத் தாக்கிய ஃபில்லாக்செரா பூச்சியை ஒழிக்க 19ஆம் நூற்றாண்டிலேயே மண்ணில் செலுத்தியதுதான். சட்டென்று தீப்பற்றும்.

● மருந்துதான் பூசணத்தைக் கொல்கிறது என்றே நம்பியிருந்தார்கள். கலிபோர்னியாவின் ரிவர்சைடில் ஆய்வு செய்த டி. ஈ. பிளிஸ் 1951இல் வெளியிட்ட முடிவு அதைப் புரட்டிப்போட்டது. சாதாரண மண்ணில் மருந்து செலுத்தினால் வேர்த்துண்டுக்குள் இருந்த ஆர்மில்லாரியா செத்தது. நுண்ணுயிர் எதுவும் இல்லாமல் சுத்திகரித்த மண்ணில் அதே மருந்துக்குத் தப்பிவிட்டது! கொன்றது டிரைக்கோடெர்மா விரிடி என்ற இன்னொரு பூசணம். அது மருந்தைத் தாங்கிக்கொண்டு, மற்ற நுண்ணுயிர்கள் அழிந்த இடத்தில் மளமளவென்று பெருகி, தளர்ந்துபோன ஆர்மில்லாரியாவை வேருக்குள் புகுந்தே தீர்த்துக்கட்டுகிறது. மண்ணியலில் இதைவிட அழகான கண்டுபிடிப்புகள் குறைவு என்பேன். நம் ஊரில் தென்னையின் தஞ்சாவூர் வாடல் நோய்க்குத் தொழுவுரம், வேப்பம் புண்ணாக்கோடு கலந்து இடுகிறோமே, அதே டிரைக்கோடெர்மாதான்.

● பிறகு வந்தது மெத்தில் புரோமைடு என்ற வாயு. நிறமில்லை, மணமும் தெரியாது. கசிந்தால் கண் எரிந்து காட்டிக்கொடுக்கட்டும் என்று குளோரோபிக்ரினைச் சிறிது சேர்த்தார்கள்; முதல் உலகப்போரில் நச்சு வாயுவாக வீசப்பட்டது அது.

● ஈர மண்ணில் வாயு இறங்காது. அதனால் நிலத்தை நன்றாகக் காயவிட்டு, வாயுவைச் செலுத்தி, பாலித்தீன் தாளால் மூடுவார்கள்; இதுதான் மண் புகையூட்டம். அப்படியும் ஆழத்தில் ஒரு வேர்த்துண்டு தப்பினால் நோய் திரும்பிவிடும்.

● மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகள் 2005க்குள்ளும் வளரும் நாடுகள் 2015க்குள்ளும் கைவிட ஒப்புக்கொண்டன. சில விலக்குகள் மட்டும் உண்டு.

● நிற்கிற மரத்துக்குப் புகையூட்ட முடியாது. வாயு மரத்தையே கொன்றுவிடும். அடிமரத்தைச் சுற்றி மண்ணை விலக்கி, காற்றுப்படும்படி காயவிட்டு நோயைத் தாமதப்படுத்தலாம். புதிதாக நடுகிறவர்கள் பழைய வேர்களைத் தோண்டிப் பொறுக்கி அப்புறப்படுத்திய பிறகே கன்று வைக்க வேண்டும்.