மூலையில் கிடப்பதும் முதல்தான்!

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். தோட்டப்புறத்தில் வீட்டுக்கு வீடு ஒரு மூலை என்று அதை மாற்றிச் சொன்னாலும் பொருந்தும். அந்த மூலையைச் சற்று எட்டிப் பாருங்கள். பிள்ளை வளர்ந்துவிட்டதால் ஏற ஆளில்லாத சின்ன சைக்கிள், புதுத் தொலைக்காட்சி வந்த அன்றே ஓரங்கட்டப்பட்ட பழைய தொலைக்காட்சி, மகள் கல்யாணத்துக்கு வாங்கி இரண்டே முறை அடுப்பேறிய பெரிய அண்டா, பேரன் தவழ்ந்து முடித்த தொட்டில், தூசி படிந்த தையல் இயந்திரம். எறியவும் மனம் வராது, வைத்துக்கொள்ள இடமும் இருக்காது.

இவற்றைக் கழிக்க நமக்குத் தெரிந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான். ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவியபடி லயத்துக்குள் நுழையும் பழைய சாமான் லோரி! அவர் தராசைத் தூக்கினால் பொருளுக்கு மதிப்பில்லை, எடைக்குத்தான் மதிப்பு. ஓடுகின்ற சலவை இயந்திரமும் அவருக்கு இரும்புதான், ஓடாத இயந்திரமும் இரும்புதான். அவரைக் குறை சொல்வதற்கில்லை, அவர் தொழில் அப்படி. ஆனால் அந்த இயந்திரம் யாரோ ஒருவருக்கு இன்னும் ஐந்தாண்டு துணி துவைக்கும் என்றால், அதை எடைக்குப் போடுவது நமக்குத்தானே நஷ்டம்?

யாருக்கு இது அவசரம்?

யோங் பெங்கிலிருந்து லாபிஸ் போகும் பழைய கூட்டரசுச் சாலையில் இருக்கிறது நம் சாஆ. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு ஒரு நாள் கட்டாயம் வரும். ஓய்வு பெற்று, குடியிருந்த வீட்டைத் தோட்டத்திடம் ஒப்படைக்கும் நாள் அது. குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கிய சட்டம் 2013 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. முப்பது நாற்பது ஆண்டு குடித்தனத்தில் சேர்ந்த சாமான்களை, பட்டணத்தில் மகன் வீட்டு ஓர் அறைக்குள் அடைக்க முடியுமா? முன்பெல்லாம் இப்படிப் புறப்படுகிறவர்கள் கட்டிலைப் பக்கத்து வீட்டுக்கும், ஆட்டுக்கல்லை எதிர் வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு லோரி ஏறுவார்கள். இன்று அந்தப் பக்கத்து வீட்டிலும் எல்லாச் சாமான்களும் இருக்கின்றன.

ஓய்வுக்கு இன்னும் காலம் இருப்பவர்களுக்கும் இது பயன்படும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. என்றாலும், பள்ளி திறக்கும் மாதமும் தீபாவளி மாதமும் சம்பளத்தை மிஞ்சித்தான் வருகின்றன. அந்த மாதங்களில் வட்டிக்காரரைத் தேடிப் போவதற்கு முன், ஒரு முறை நம் வீட்டு மூலையைப் பார்ப்பது நல்லது. மூலைச் சாமான் நம்மைப் பணக்காரராக்கிவிடாது. ஆனால் பள்ளிச் சீருடைக்கும் காலணிக்கும் கடன் வாங்காமல் தப்பிக்க உதவும்.

சந்தை கைத்தொலைபேசியில் இருக்கிறது

சம்பள நாளில் தோட்டத்து வாசலில் கடை விரிப்பார்களே, அது போன்ற சந்தை இன்று கைத்தொலைபேசிக்குள் நடக்கிறது. பொருளைப் படம் பிடித்துப் போட வேண்டும். வேண்டுபவர் கேட்பார், பேரம் பேசுவார், வந்து எடுத்துக்கொள்வார்.

நம் நாட்டில் இதற்கு மூன்று இடங்கள் பெயர் பெற்றவை. முதலாவது 2007-இல் தொடங்கிய ‘மூடா’. பெயரிலேயே சுலபம் என்ற பொருள் இருக்கிறது. இரண்டாவது ‘கெரொசல்’. 2012-இல் சிங்கப்பூரில் மூன்று பட்டதாரி இளைஞர்கள் தொடங்கியது. 2019-இல் மூடாவும் கெரொசல் குழுமத்தோடு சேர்ந்துகொண்டது. மூன்றாவது பேஸ்புக்கின் ‘மார்க்கெட்பிளேஸ்’. இது 2016-இல் வெளிநாடுகளில் தொடங்கிப் பிறகு நம் நாட்டுக்கு வந்தது. நம் வீடுகளில் பேஸ்புக் ஏற்கெனவே இருப்பதால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே கைப்பழக்கமான வழி. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் கண்ணிலும் சீக்கிரம் படும். பதினெட்டு வயது நிறைந்தவர்கள்தான் மார்க்கெட்பிளேஸில் விற்கலாம். ஆகவே பிள்ளைகள் உதவட்டும், கணக்கு பெரியவர் பெயரில் இருக்கட்டும்.

சாதாரண வீட்டுச் சாமான்களுக்கு விளம்பரம் போடப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. சில வகைப் பொருள்களுக்குக் கட்டணம் உண்டு. கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

‘உடைந்த சாமானை யார் வாங்குவார்?’ என்று தயங்குபவர்களுக்கு ஓர் உண்மைக் கதை. 1995-இல் அமெரிக்காவில் பியேர் ஒமிடியார் என்பவர் ஓர் இணைய ஏலக்கடை தொடங்கினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ‘ஈபே’ அதுதான். அதில் விற்ற முதல் பொருள், பழுதாகிப்போன ஒரு லேசர் விளக்குக்குச்சி! விலை 14.83 அமெரிக்க டாலர். பழுதானது என்று தெரியுமா என்று அவரே வாங்கியவரிடம் கேட்டாராம். தெரியும், பழுதானவற்றையே தாம் சேர்ப்பதாகப் பதில் வந்ததாம். பழுதை மறைக்காமல் சொல்லி விற்றால் பழுதுக்கும் ஆள் உண்டு என்பதுதான் நமக்குப் பாடம்.

எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது?

சீக்கிரம் விலை போகிறவை குழந்தைச் சாமான்கள், சைக்கிள், சலவை இயந்திரம், குளிர்பெட்டி, மின்விசிறி, மேசை நாற்காலி, தையல் இயந்திரம், கைத்தொலைபேசி முதலியன. கல்யாண வீட்டுப் பெரிய பாத்திரங்களைச் சமையல் ஒப்பந்தக்காரர்கள் தேடுவார்கள்.

பழைய பித்தளை விளக்கு, வெண்கலப் பானை, அடுக்குச் சாப்பாட்டுக் கேரியர், கித்தாக் காலத்துப் பால் வெட்டும் கத்தி, பால் மங்கு ஆகியவை வேறு ரகம். பழம்பொருள் சேர்ப்பவர்கள் இவற்றுக்கு நல்ல விலை தருவதுண்டு. வீடு தேடி வந்து பத்து வெள்ளி நீட்டுபவரிடம் உடனே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதே போன்ற பொருளுக்கு மற்றவர்கள் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மாவின் தையல் இயந்திரத்தை அம்மாவைக் கேட்காமல் விற்காதீர்கள். அந்த மிதிகட்டையை மிதித்துத்தான் உங்கள் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டிருக்கும். உபயோகமில்லாத பொருள் எது என்று தீர்மானிக்க வேண்டியவர் அதற்கு உடையவர்தான்.

தோட்டத்துக்குச் சொந்தமான கட்டில், தண்ணீர்த் தொட்டி, வேலைக் கருவிகள் முதலியவற்றின் பக்கம் போகவே கூடாது. யாருடையது என்று தெரியாமல் கைக்கு வந்த பொருளும் வேண்டாம். திருட்டுப் பொருளாக இருந்தால் விற்றவரும் வாங்கியவரும் நீதிமன்றப் படி ஏற நேரும். ஒரு முறை விழுந்து அடிபட்ட தலைக்கவசத்தையும் விற்காதீர்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அடுத்தவர் உயிரை அது காப்பாற்றாது. பழைய கைத்தொலைபேசியை விற்பதானால் சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிவிட்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்த பிறகே கைமாற்றுங்கள். குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் அதில் இருக்கும்.

படம், விளக்கம், விலை

பொருளை முதலில் நன்றாகத் துடையுங்கள். பாதி விலை சுத்தத்தில் இருக்கிறது. காலை வெளிச்சத்தில் அஞ்சடியில் வைத்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். கீறல், துரு, உடைசல் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு படம் வேண்டும். சலவை இயந்திரம் என்றால் ஓடும்போது எடுத்த சிறு காணொளி பல கேள்விகளைக் குறைக்கும். பின்னணியில் வீட்டு எண்ணோ பிள்ளைகளின் முகமோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம் என்பதால் விளம்பரத்தை மலாயில் எழுதுவது நல்லது. நாலு வரி போதும். ‘மெசின் பாசோ தெர்பாக்காய், மாசி ஏலோக், 8 கிலோ, அம்பில் சென்டிரி டி சாஆ, ஹர்கா 250 ரிங்கிட்.’ பயன்படுத்திய சலவை இயந்திரம், இன்னும் நல்ல நிலையில் உள்ளது, சாஆவில் நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், விலை 250 என்பதே இதன் பொருள். வாங்கிய ஆண்டையும் குறைபாட்டையும் சேர்த்து எழுதுங்கள். தோட்டத்துக்குள் இணையத் தொடர்பு மந்தமாக இருந்தால், படமும் எழுத்தும் தயாராக வைத்துக்கொண்டு, பட்டணத்துக்குப் போகும்போது ஏற்றிவிடலாம்.

விலை வைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நாம் வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். அதே பொருள் இன்று பழையதாக என்ன விலைக்குப் போடப்பட்டிருக்கிறது என்று நாலைந்து விளம்பரங்களைப் பாருங்கள். 250 வெள்ளி கிடைத்தால் போதும் என்றால் 280 போடுங்கள். பேரம் பேசாமல் நம்மவர் எவரும் வாங்க மாட்டார்கள் அல்லவா? இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற தொகையை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரம் ஆகியும் யாரும் கேட்கவில்லை என்றால் விலையைச் சற்றுக் குறைக்கலாம்.

பணம் கைமாறும் நேரம்

பெரிய சாமானை அஞ்சலில் அனுப்ப முயலாதீர்கள். வாங்குபவர் நேரில் வந்து, பார்த்து, பணம் கொடுத்து எடுத்துப் போவதே இரு தரப்புக்கும் நல்லது. சின்னப் பொருளானால் பட்டணத்தில் ஆள் நடமாட்டமுள்ள கடை வரிசையிலோ பெட்ரோல் நிலையத்திலோ பகலில் சந்தியுங்கள். பெண்கள் தனியாகப் போக வேண்டாம், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பெரிய பொருளுக்கு லோரி தோட்டத்துக்குள் வர வேண்டுமென்றால், காவல் சாவடியில் முன்பே சொல்லிவைத்து, சாமானை அஞ்சடிக்கு எடுத்து வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் அழைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ரொக்கம் என்றால் எண்ணிப் பார்த்து வாங்குங்கள். வங்கி வழியாக என்றால், 2018 இறுதியில் வந்த ‘டூயிட்நவ்’ முறையில், பதிவு செய்த கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்தாலே பணம் வந்து சேரும். ‘அனுப்பிவிட்டேன், ரசீதைப் பாருங்கள்’ என்று அவர் படம் காட்டினால் நம்பிவிடாதீர்கள். அத்தகைய ரசீதைப் போலியாகச் செய்ய ஐந்து நிமிடம் போதும். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து, பணம் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள்.

ஏமாற்றுக்காரர்கள் பொருளுக்காக வருவதில்லை, நம் சேமிப்புக்காக வருகிறார்கள். அவர்கள் பேச்சுக்குச் சில அடையாளங்கள் உண்டு. பொருளைப் பார்க்காமலே கேட்ட விலைக்குச் சம்மதிப்பார்கள். ‘பணம் பெற இந்த இணைப்பை அழுத்துங்கள்’, ‘இந்தச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்பார்கள். ‘அஞ்சல்காரர் வருவார், காப்புறுதிக் கட்டணம் மட்டும் முதலில் கட்டுங்கள்’ என்பார்கள். ‘தவறிக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்பார்கள். விற்பவர் பணம் வாங்குகிறவர். அவர் எதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்? இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி மோசடிகளுக்குத் தப்பிவிடலாம். டி.ஏ.சி. எண்ணையும் கடவுச்சொல்லையும் எவர் கேட்டாலும், வங்கிக்காரர் என்று சொல்லிக் கேட்டாலும், கொடுக்கவே கூடாது. ‘உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள், கமிஷன் தருகிறேன்’ என்பவரின் பேச்சைக் கேட்டால் நீங்களே குற்றவாளியாகிவிடுவீர்கள்.

சந்தேகம் வந்தால், எதிராளியின் தொலைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் காவல் துறையின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அவற்றின் மீது புகார் பதிவாகியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஆனால் புகார் இல்லை என்பதால் மட்டும் ஆள் யோக்கியர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 997-ஐ அழையுங்கள். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள், போலீசிலும் புகார் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிடத் தாமதத்திலும் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள் என்று மறைப்பது திருடனுக்கு உதவுவதாகும்.

வருமானமா, வியாபாரமா?

நம் வீட்டுப் பழைய சாமானை விற்பது வியாபாரம் அல்ல. ஆனால் நாலு பொருள் விற்றதும் சிலருக்குக் கை சுறுசுறுப்பாகிவிடும். ஊரில் பழைய சாமான் வாங்கி, துடைத்து, பழுது பார்த்து விற்க ஆரம்பிப்பார்கள். நல்ல யோசனைதான். அப்படித் தொடர்ந்து செய்வதானால் அது தொழில். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிந்துகொள்ள வேண்டும். வேறு உரிமம் தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்த பணத்தை அன்றாடச் செலவோடு கலக்காமல் ஓர் உறையில் போட்டு, இன்ன செலவுக்கு என்று பெயர் எழுதி வையுங்கள். எந்தப் பொருள் எவ்வளவுக்குப் போனது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இழுத்துப் போட வேண்டாம். ஒரே ஒரு பொருளை எடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை விளம்பரம் எழுதட்டும், விலையைத் தாயோ தந்தையோ சொல்லட்டும். விற்றாகாத பொருளை, அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படும் ஒரு வீட்டுக்குச் சும்மாவே கொடுத்துவிடுங்கள். லயத்து வழக்கம் அதுதான், அதை இணையச் சந்தை வந்தும் நாம் விட வேண்டியதில்லை.